சுருட்டுத் தாத்தாவும் காணாமற்போன மரபணுவும்

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது என்று ஆனபிறகு, பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு காட்சி பழகிவிட்டது. தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) மேசையில் இருக்கும். குடிக்க வேண்டிய ஆள் மூன்று மீட்டர் தள்ளிச் சாலையோரம் நின்று புகைவிட்டுக்கொண்டிருப்பார். ஆறிப்போகும் தண்ணிக்குக் காவலாக ஒரு நண்பர் உட்கார்ந்திருப்பார். போன மாதம் லெபோ பசார் பக்கம் அப்படிக் காவலிருந்தவன் நான். திரும்பி வந்த அண்ணன் (என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பழைய தோட்டத்து ஆள்) நான் எதுவும் கேட்காமலேயே ஆரம்பித்தார்: "என்ன பாக்குற தம்பி? எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சாரு. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல. எல்லாம் உடம்பு வாகு."

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. கெடாவில் ரப்பர் தோட்டம். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போதே கன்னத்தில் வெற்றிலைச் சுருளை அடக்கிக்கொள்வாள். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, ஒரு கிள்ளு புகையிலை. பால் வெட்டி முடித்து வாளி தூக்கி வரும்வரை அது அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். சிகரெட்டைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. எந்தக் கன்னத்தில் அடக்கினாளோ அந்தக் கன்னத்திலேயே புற்று வந்தது, அறுபதைத் தாண்டவில்லை.

"உடம்பு வாகு" என்பது தட்டிக்கழிக்கும் பேச்சுதான், ஆனால் வெறும் பேச்சு இல்லை. ஒரே அளவு புகையிலையை இரண்டு உடல்கள் ஒரே மாதிரி கையாளுவதில்லை என்பதை ஆய்வுக்கூடங்கள் நாற்பது ஆண்டுகளாக அளந்து பார்த்துவந்திருக்கின்றன. அந்த அளவு அண்ணன் நினைக்கும் இடத்தில் வந்து நிற்கவில்லை என்பதுதான் விஷயம்.

புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபதளவில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நன்றாக ஆராயப்பட்ட ஒன்றைப் பார்ப்போம்: பென்சோபைரீன். எது அரைகுறையாக எரிந்தாலும் உண்டாகும் பொருள் இது. எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி; தண்ணீரில் கரையாது. கரையாததைச் சிறுநீரில் தள்ள முடியாது. ஆகவே உடல் இரண்டு படியாக வேலை செய்கிறது.

பலாப்பழம் அறுத்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முழுப் பழம் மூலையில் கிடக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. கத்தி வைத்ததும் பால் கசிந்து கை, கத்தி, தரை என்று தொட்டதிலெல்லாம் ஒட்டும். கத்தியை எடுக்குமுன் கையில் எண்ணெய் தடவியிருக்க வேண்டும். முதற்படி நொதிகள் கத்தி. சைட்டோகுரோம் குடும்பத்தைச் சேர்ந்த சிஒய்பி1ஏ1 பென்சோபைரீனில் ஆக்சிஜனைப் பொருத்துகிறது. இன்னும் ஓரிரு மாற்றங்களுக்குப் பின் அது டயால் எபாக்சைடு என்ற ஒட்டும் பொருளாகிறது. எண்ணெய், இரண்டாம்படி நொதிகள். அவை குளூட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறை அதன்மேல் ஒட்டவைத்து, ஒட்டும் தன்மையைப் போக்கி, கரையவைத்து வெளியே அனுப்புகின்றன. எண்ணெய் போதாமல் போனால் எபாக்சைடு போய் டிஎன்ஏவில் ஒட்டுகிறது, அதிலும் குவானின் என்ற எழுத்தின்மேல். 1996-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது: செல்லின் காவலாளி என்று சொல்லப்படும் பி53 மரபணுவில் இந்தப் பொருள் விரும்பி ஒட்டும் இடங்கள் 157, 248, 273 என எண்ணிடப்பட்டவை. நுரையீரல் புற்றுக்கட்டிகளில் அந்த மரபணு அடிக்கடி பழுதாகும் இடங்களும் அவைதான். கைரேகை பொருந்துவதுபோலப் பொருந்தியது.

நச்சைக் கொடிய நச்சாக மாற்றுவது நம் உடலேதான் என்பதை மாணவனாகப் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. நஞ்சு முறிக்கும் நொதி என்ற பெயரே பாதி ஏமாற்று.

இரண்டாம்படிக் குடும்பத்தின் பெயர் குளூட்டாதையோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ், சுருக்கமாக ஜிஎஸ்டி. மலேசியர்களுக்கு ஜிஎஸ்டி என்றால் 2015-ல் வந்து 2018-ல் போன வரிதான் நினைவுக்கு வரும், இது வேறு. இதில் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். கோடிக்கணக்கானோருக்கு அது இல்லவே இல்லை. ஓர் எழுத்து மாறியிருப்பது இல்லை. முழு மரபணுவும் காணோம். தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் இல்லாவிட்டால் அந்த நொதி உடலில் உருவாகாது.

எப்படித் தொலைந்தது? ஏடு பெயர்த்தெழுதியவர்கள் செய்த பிழையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லில் முடியும் இரண்டு அடிகள் அடுத்தடுத்து வந்தால், முதல் அடியை எழுதி நிமிர்ந்தவர் கண் இரண்டாவதன் முடிவில் போய் விழும்; நடுவிலிருந்தது அப்படியே விட்டுப்போகும். இங்கும் அதுவே. ஜிஎஸ்டிஎம்1-க்கு இரு புறமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான எழுத்துத் தொடர்கள் இருக்கின்றன. முன்னோர் யாரோ ஒருவரின் உடலில் குரோமோசோம்கள் பரிமாறிக்கொண்டபோது இடம் தவறிச் சேர்ந்து, நடுவிலிருந்த மரபணு விழுந்துவிட்டது. அந்தக் குறைப் பிரதியே பின்பு தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டது. 22-ஆம் குரோமோசோமில் உள்ள ஜிஎஸ்டிடி1-க்கும் இதே கதைதான்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுபிடிக்கும் விதமும் விநோதமானது. பிசிஆர் முறையில் மரபணுத் துண்டைப் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டு, புறஊதா ஒளியில் பார்ப்பார்கள். மரபணு உள்ளவருக்கு ஒரு பட்டை ஒளிரும். இல்லாதவருக்கு அந்த இடம் இருட்டு. ஆனால் மாதிரி கெட்டுப்போயிருந்தாலும் இருட்டுதானே? ஆகையால் எல்லா மனிதரிடமும் இருக்கும் வேறொரு மரபணுவையும் அதே குழாயில் சேர்த்தே பெருக்குவார்கள். அந்தச் சாட்சிப் பட்டை ஒளிர்ந்து, பக்கத்தில் இது மட்டும் ஒளிராமல் இருந்தால்தான் "இல்லை" என்று எழுத முடியும்.

ஐரோப்பியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஜிஎஸ்டிஎம்1 கிடையாது. நம் வட்டாரத்தில் சீனரிலும் மலாய்க்காரரிலும் பாதிக்கு மேல். இந்திய வம்சாவளியினரிடம் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஜிஎஸ்டிடி1-ஐ எடுத்தாலும் இந்தியர்களிடம் இல்லாதவர்கள் குறைவு.

அப்படியானால் இந்த இரண்டு மரபணுக்களைப் பொறுத்தவரை, மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் கையில் அதிக எண்ணெயோடு நிற்பவர்கள் நாம். அதே மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் யாருக்கு அதிகம்? மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேராக இருக்கும் இந்தியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது. மரபணுவை மட்டும் வைத்து ஆரூடம் சொல்லியிருந்தால் அப்படியே தலைகீழாகச் சொல்லியிருப்போம்.

வேறுபாடு வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. பினாங்கு என்ற பெயருக்கே பாக்கு என்றுதான் பொருள். மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் பாக்கு மரம்தான். பாக்கு புற்றை உண்டாக்கும் என்பது நம்மவருக்குப் புதிய செய்தியும் அல்ல: இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் (Orr) என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி 1933-லேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைச் சுருளைப் புற்றுக்காரணி என்று 1985-ல் அறிவித்தது. "புகையிலை சேர்க்காமல் போட்டால் பரவாயில்லை" என்ற சமாதானமும் 2004-ல் வெளிவந்த அதன் தொகுப்போடு போனது. பாக்கு மட்டுமே போதும் என்று அது சொன்னது. பின்னாளில் ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, இந்தியத் துணைக்கண்டத்தில் புகையிலையோடு போடுகிறவர்களுக்கு வாய்ப் புற்று அபாயம் போடாதவர்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. புகையிலை இல்லாமல் போட்டால் இரண்டரை மடங்கு. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கிலுள்ள பொருள்கள் சிதைந்து செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகின்றன. பாக்கின் அல்கலாய்டுகள் எச்சிலில் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுக்காரணிகளாகின்றன. வாயின் உட்புறத்தில் நார்த்திசு தடித்து, வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போகிறது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் இதை வைத்து ஊறவிட்டால், எந்த நொதி எத்தனை நேரம் துடைக்கும்?

இனி எண்ணிக்கைக்கு வருவோம். அண்ணனின் வாதம் விழும் இடம் இதுதான்.

1986-ல், நுரையீரல் புற்று வந்த புகைப்பவர்களையும் வராத புகைப்பவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஜிஎஸ்டிஎம்1 நொதியின் வேலை நடக்காதவர்கள் நோயாளிகளிடையே அதிகம் என்று கண்டது. பெரும் உற்சாகம். "தாத்தா ஏன் பிழைத்தார்" என்பதற்கு விடை கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள். நூறு பேர், இருநூறு பேர் என்று சிறு சிறு ஆய்வுகள் நாடு நாடாக வெளிவந்தன; 1990-களின் நடுவில் அவற்றைத் தொகுத்தபோது ஜிஎஸ்டிஎம்1 இல்லாதவர்களுக்கு அபாயம் நாற்பது விழுக்காடு கூடுதல் என்று தெரிந்தது. பிறகு அது தேயத் தொடங்கியது. 2006-ல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்த தொகுப்பு 130 ஆய்வுகளை, 23,452 நுரையீரல் புற்று நோயாளிகளை, 30,397 ஒப்பீட்டு நபர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மொத்தத்தில் 18 விழுக்காடு கூடுதல். பெரிய ஆய்வுகளை மட்டும் பிரித்தெடுத்தபோது வெறும் 4 விழுக்காடு, அதுவும் தற்செயலாக வரக்கூடிய எல்லைக்குள்.

ஏன் தேய்ந்தது? சின்ன ஆய்வில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஏதோ கிடைத்தால் அச்சேறும். அச்சேறியவற்றை மட்டும் கூட்டினால் கூட்டுத்தொகை உப்பித்தான் நிற்கும். திருவிழாவில் லாட்டரி விழுந்தவன் மட்டும் ஊரெல்லாம் சொல்லித் திரிவது மாதிரி.

இதற்குப் பக்கத்தில் புகைப்பழக்கத்தின் எண்ணை வையுங்கள். புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு நுரையீரல் புற்று அபாயம் 15 முதல் 30 மடங்கு. விழுக்காடு அல்ல, மடங்கு. நொதி நல்ல நொதியாகவே இருந்தாலும், அது இருபது மடங்கைப் பத்தொன்பதாக்கும் வேலையைத்தான் செய்கிறது.

நொதிகள் இப்படி வலுவிழந்து தெரிவதற்கு உடலியல் காரணமும் உண்டு. ஒரு ஆள் வராவிட்டால் இன்னொரு ஆள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும் கூட்டம் இது. தவிர, ஒரே நொதி எப்போதும் நன்மையே செய்வதில்லை. முட்டைக்கோஸ், கைலான், சாவிக் கீரை போன்ற கடுகுக் குடும்பக் கீரை காய்களில் ஐசோதயோசயனேட் என்ற நல்ல பொருள் இருக்கிறது. அதையும் ஜிஎஸ்டி நொதிகளே வெளியேற்றுகின்றன. மும்முரமான துப்புரவாளர் குப்பையோடு நகையையும் சேர்த்து வாரிக் கொட்டிவிடுவார். மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் நடந்து 2005-ல் லான்செட்டில் வந்த ஆய்வில், இந்தக் காய்களை வாரந்தோறும் சாப்பிட்டதால் நுரையீரல் புற்று அபாயம் குறைந்தது முக்கியமாக ஜிஎஸ்டி மரபணு இல்லாதவர்களிடம்தான். அவர்கள் உடலில் அந்தப் பொருள் நீண்ட நேரம் தங்குகிறது. எனவே "கெட்ட மரபணு" என்று சொல்வதே கொஞ்சம் அவசரம். (இதைப் படித்துவிட்டுக் கைலானையும் சிகரெட்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.)

உண்மையிலேயே தாக்குப்பிடித்து நின்ற நொதி ஒன்று உண்டு. அதன் கதை நமக்கு நெருக்கமானது. 1950-களில் காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை வந்தது. சிலருக்கு அது உடலிலிருந்து வேகமாகப் போயிற்று. சிலருக்கு மெதுவாக, கை கால் மரத்துப்போகும் அளவுக்குத் தங்கியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தென்னிந்திய நோயாளிகளிடம் இதை அளந்தபோது ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் மெதுவானவர்கள். கிழக்காசியரில் பத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான். மரத்துப்போவதைத் தடுக்க பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இந்தக் காலத்து ஆராய்ச்சிகளின் பயன்.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பது என்ஏடி2 என்ற கல்லீரல் நொதி. புகையிலைப் புகையிலுள்ள நறுமண அமீன்களை, அதாவது சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றைக் கொடுத்த அதே வகைப் பொருள்களை, செயலிழக்க வைப்பதும் இதே நொதிதான். 2005-ல் வெளிவந்த ஸ்பெயின் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீர்ப்பைப் புற்று நோயாளிகளைப் பார்த்தார்கள்: மெதுவான என்ஏடி2 உள்ளவர்களுக்கு அபாயம் 40 விழுக்காடு கூடுதல். ஆனால் அது முக்கியமாகப் புகைப்பவர்களிடம். புகைக்காதவர் மெதுவாக இருந்தாலென்ன, வேகமாக இருந்தாலென்ன, துடைக்க வேண்டிய அழுக்கு அங்கே அதிகம் இல்லை. நம் தாத்தாக்களுக்கு மருந்து மாத்திரையில் மரத்துப்போன கால்களைக் கொடுத்த அதே குணம், சிகரெட் பிடிக்கும் பேரனுக்குச் சிறுநீரில் ரத்தமாக வரக்கூடும்.

கண்ணுக்கே தெரியும் நொதிக் குறையும் ஒன்று இருக்கிறது. கல்யாண விருந்தில் அரை கிளாஸ் பீருக்கே முகம் சிவந்துபோகும் சீன நண்பர் எல்லோருக்கும் இருப்பார். ஏஎல்டிஎச்2 நொதி சரியாக வேலை செய்யாமல் அசிட்டால்டிஹைடு தேங்குவதால் வரும் சிவப்பு அது. இப்படிப்பட்டவர் விடாமல் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்று அபாயம் மிகவும் கூடும். கூடவே புகையும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. இந்தியர்களிடம் இந்தக் குறை அரிது. முகம் சிவக்காததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2008 ஏப்ரலில் ஆட்டமே மாறியது. அதுவரை "இந்த நொதியாக இருக்குமோ" என்று ஊகித்து ஊகித்துத் தேடியவர்கள், மரபணுத் தொகுதி முழுவதையும் ஊகமில்லாமல் சலித்தார்கள். மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரே இடத்தைச் சுட்டின: 15-ஆம் குரோமோசோம். அங்கே இருந்தது நச்சு முறிக்கும் நொதி எதுவும் அல்ல. மூளைச் செல்களில் நிக்கோடின் வந்து பொருந்தும் ஏற்பிகளின் மரபணுக்கள். அபாய வடிவின் ஒவ்வொரு பிரதிக்கும் நுரையீரல் புற்று வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. அந்த வடிவம் உள்ளவர்கள் அதிகம் புகைக்கிறார்கள், ஆழமாக இழுக்கிறார்கள், விடுவதற்குத் திணறுகிறார்கள்.

இன்னொரு கல்லீரல் நொதியும் இதே பக்கம் சாய்கிறது. சிஒய்பி2ஏ6 நிக்கோடினை உடைக்கிறது. அது மந்தமாக உள்ளவருக்கு ஒரு சிகரெட்டின் நிக்கோடின் ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கும். அடுத்ததைத் தேடிக் கை போகாது. புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களைக் கொடிய வடிவுக்கு மாற்றும் கத்தி வேலையையும் இதே நொதி செய்வதால், மந்தம் இரட்டை லாபம். தொண்ணூறு வயதுத் தாத்தாவின் ரகசியம் இதுவாக இருந்திருக்கலாம்: உடல் நஞ்சை நன்றாக முறித்தது என்பதல்ல, உடலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சுருட்டே போதும் என்று இருந்தது. உடம்பு வாகுதான், ஆனால் நுரையீரலின் வாகு என்பதைவிட ஆசையின் வாகு.

ஆராய்ச்சி பயன் தரக்கூடிய இடமும் இதுதான் என்பது என் எண்ணம். 2015-ல் 1,246 புகைப்பவர்களைக் கொண்டு நடந்த சோதனையில், நிக்கோடினை இயல்பான வேகத்தில் உடைப்பவர்களுக்குப் புகையை விட வரெனிக்லின் மாத்திரை நிக்கோடின் ஒட்டுப்பட்டையைவிட நன்றாக உதவியது. மந்தமானவர்களுக்கு இரண்டும் ஒன்றே, மாத்திரையில் பக்கவிளைவுதான் அதிகம். யாருக்கு எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க இது உதவும். "உங்கள் நச்சு முறிப்பு மரபணு எப்படி?" என்று எச்சில் குப்பி அனுப்பச் சொல்லும் வணிகச் சோதனைகளுக்கு இந்தப் பயன் கிடையாது. நான்கு விழுக்காட்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஆடும் ஓர் எண்ணை வண்ண வண்ணப் படமாக அனுப்புவார்கள், அவ்வளவுதான். மரபணு அபாயத்தை எடுத்துச் சொன்னால் மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்களா என்று 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை, புகைப்பதிலும் சரி, சாப்பாட்டிலும் சரி, குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றது. நல்ல முடிவு வந்தவர் இன்னொன்று பற்றவைப்பார் என்பதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை.

கண்ணும் விளக்கும் இதைவிட அதிகம் செய்திருக்கின்றன. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் குழுவினர், பயிற்சி பெற்ற பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி வாயைத் திறந்து பார்க்க வைத்தார்கள். 2005-ல் வந்த முடிவு: புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இங்கேயும் தோட்டப்புறங்களுக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழுக்கள் போய்ப் பார்த்துவந்திருக்கின்றன. தேடுவது பெரிய மர்மமல்ல: துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுப்போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், குறுகிக்கொண்டே வரும் வாய்.

இவ்வளவையும் அண்ணனிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பாதி சொல்லும்போதே அவர் கேட்டார்: "அப்ப அந்த எச்சி டெஸ்ட்டு எடுத்துப் பாத்துரலாமா?"

"வேணாம்ணே. மூணு விரல செங்குத்தா அடுக்கி வாய்க்குள்ள விட்டுப் பாருங்க."

லெபோ பசாரில் நட்ட நடு மத்தியானம், நிறுத்தியிருந்த வேன் கண்ணாடியைப் பார்த்து, அவர் விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் சுலபமாகப் போயிற்று. மூன்றாவதுக்குக் கொஞ்சம் முகம் சுளித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடும் பழக்கமும் உண்டு என்பதை அப்போதுதான் சொன்னார். கைப்பேசி விளக்கைப் பிடித்து நானும் எட்டிப் பார்த்தேன். கறை படிந்த கடைவாய்ப் பல்லைத் தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அரசாங்கப் பல் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பதாக முடிவாயிற்று. காவலுக்கு நானும் போகிறேன்.